மைத்துளிக்குக் கால் முளைத்த பிறகு: கிறுக்கல் நோட்டிலிருந்து குழந்தைகள் புத்தகத்துக்கு

கேள்வி: “கடலூர் முதுநகரில் இருக்கிறேன். ஓவியம் முறையாகப் படித்ததில்லை. பல வருடமாக நோட்டில் மையைச் சொட்டவிட்டு, ஊதி, அது போன போக்கில் கண்ணும் காலும் வைத்துக் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைய ஆசை. இந்தக் கிறுக்கலை விட்டுவிட்டு ஒழுங்காக வரையக் கற்றுக்கொள்ள வேண்டுமா? டேப்லெட் வேண்டுமா? யாரிடம் காட்டுவது?”

விட வேண்டாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு குழந்தைகள் புத்தகங்களுக்கு வரைகிறேன். மற்றவர்கள் வரைந்ததைப் பக்கமாக்கி அச்சுக்கு அனுப்பும் வேலையும் செய்கிறேன். அதனால் புதிதாக வரைய வருகிறவர்களின் படங்கள் நிறைய என் மேசைக்கு வரும். பெரும்பாலானவை கைதேர்ந்த படங்கள். முகம் சரியாக இருக்கும், வண்ணம் சுத்தமாக இருக்கும், ஆனால் பத்துப் பேர் அனுப்பியதைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. நீங்கள் ஊதிவிட்ட மையில் முளைத்த உருவம் உங்களுடையது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லோரும் வரையும் அதே பெரிய கண் குழந்தையை வரையக் கற்றுக்கொண்டால், உங்களைப்போல இன்னொருவர் கிடைப்பது சுலபம்.

ஆனால் உங்களிடம் இப்போது இல்லாத ஒன்று புத்தகத்துக்கு வேண்டும். கிறுக்கல் ஒரு தடவை நடப்பது. மை எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் வால். அடுத்த தடவை அது வேறு பக்கம் ஓடும், வேறு ஆள் பிறப்பான். படப்புத்தகத்தில் அதே ஆள் இருபது, முப்பது தடவை வர வேண்டும். பின்பக்கம் திரும்பி நிற்க வேண்டும், தூங்க வேண்டும், அழ வேண்டும், தூரத்தில் கடுகளவில் போக வேண்டும். எல்லா இடத்திலும் மூன்று வயதுப் பிள்ளை “இதோ அவன்” என்று விரல் வைக்க வேண்டும். நோட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய தூரம் இதுதான்.

எனவே புதிதாக வரைவதற்கு முன் பழைய நோட்டுகளைத் தரையில் விரித்துப் பாருங்கள். இருப்பதிலேயே அழகான படத்தைத் தேடாதீர்கள். திட்டமிடாமல் திரும்பத் திரும்ப வந்திருக்கும் உருவத்தைத் தேடுங்கள். நிச்சயம் ஒன்றாவது இருக்கும். ஒரு வருடத்து நோட்டில் மூலையில் வந்தது, அடுத்த வருடத்தில் வேறு தொப்பியோடு வந்திருக்கும். உங்கள் கை அதை விரும்புகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, உருவத்தை மட்டும் வெட்டி, ஒரு பெரிய தாளில் ஒட்டுங்கள். பிறகு அவற்றுக்குள் எது மாறவில்லை என்று பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் இடையில் உள்ள தூரமா, ஒரு கால் மட்டும் குட்டையாக இருப்பதா, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையா? இரண்டு மூன்று அடையாளம் போதும். மீதி எல்லாம் மையின் இஷ்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடிப்பது அந்த இரண்டு மூன்று அடையாளத்தை வைத்துத்தான்.

அந்த ஆளை வைத்து ஒரு மாதம் வேறு எதுவும் செய்யாமல் வரையுங்கள். உட்காரவை, ஓடவை, சுமை தூக்கவை, மழையில் நனையவை. அனிமேஷன்காரர்கள் இதை மாடல் ஷீட் என்பார்கள். படிப்புத் தேவையா என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலை பட்டப்படிப்பாக இருக்கிறது, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வயதும் வசதியும் இருந்தால் போய்ப் படிப்பது நல்லதுதான். ஆனால் பதிப்பகத்தில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அடுத்தடுத்த படங்களில் ஆள் மாறாமல் இருக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள்.

மாரீஸ் செண்டாக் என்ற அமெரிக்க ஓவியரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1948-ல், வேலை இல்லாத இருபது வயதுப் பையனாக, நியூயார்க்கின் புரூக்ளினில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எதிரே தெருவில் விளையாடிய ஒரு சிறுமியை நோட்டு நோட்டாக வரைந்தார். அவள் கூட்டாளிகளை அதட்டுவது, வேஷம் கட்டுவது எல்லாவற்றையும் ஓடுகிற கோட்டில் பிடித்து வைத்தார். அந்த நோட்டில் இருந்த பிள்ளைகள்தான் பிறகு அவர் புத்தகங்களில் வந்தார்கள். நோட்டுக்கும் புத்தகத்துக்கும் இடையில் பல வருட இடைவெளி. ஒரே தெருப் பிள்ளைகளை அத்தனை தடவை வரைந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. கி. ராஜநாராயணன் தன் பிற்காலத்தைப் புதுச்சேரியில்தான் கழித்தார், 2021-ல் இங்கேதான் காலமானார். அவருடைய எழுத்துக்கு ஓவியர் ஆதிமூலம் போட்ட கோட்டுப் படங்களைத் தேடிப் பாருங்கள். வேகமாக இழுத்த, சில இடத்தில் உடைந்த, மை திட்டாக நின்றுபோன கோடுகள். யாரும் அவற்றைத் துடைத்துச் சீராக்கவில்லை. கரிசல் மண்ணும் அதன் மனிதர்களும் அந்த உடைந்த கோட்டுக்குள் இருக்கிறார்கள். அவை குழந்தைகளுக்கு வரைந்தவை இல்லை. ஆனாலும், கையின் ஓட்டத்தைக் கெடுக்காமல் அச்சுக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது தீனி. மைத்துளியிலிருந்து மட்டும் வரைந்துகொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் எல்லா உருவமும் ஒன்றுபோல ஆகிவிடும். வெளியே போய்ப் பார்த்து வரைய வேண்டும். புதுச்சேரிக்கு வரைய வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவரையும் காகிதப் பூவையும்தான் வரைகிறார்கள். அது போதும் போதும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. உங்கள் வாசலிலேயே துறைமுகம் இருக்கிறது. விடியற்காலை மீன் இறங்கும்போது ஏலம் கேட்கிற பெண்கள் நிற்கும் நிலை, ஐஸ் பெட்டி தூக்குகிறவரின் முதுகு வளைவு, வலையிலிருந்து சிக்கெடுக்கும் விரல்கள், தேவனாம்பட்டினத்தில் ஈர மணலில் குழிக்குள் ஓடி மறையும் சின்ன நண்டுகள், தண்டு மேல் நிற்கும் அவற்றின் கண்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் இங்கே வைத்திக்குப்பத்துக்கும் ஊர் ஊராகச் சாமிகள் கடலாட வருவதைப் பார்த்திருப்பீர்கள். மயிலத்து முருகன் வரை இங்கே வந்து சேர்கிறார். இத்தனை குடையும் பல்லக்கும் பலூனும் கூட்டமும் ஒரே இடத்தில் இருக்கிற இரட்டைப் பக்கப் படம் ஒன்றை எந்தப் பிள்ளையும் அரைமணி நேரம் பார்க்கும்.

பார்த்து வரையும்போதும் உங்கள் முறையை மாற்ற வேண்டியதில்லை. ஈர்க்குச்சியை மையில் தொட்டு வரையுங்கள். வேண்டுமென்றே இடது கையால் வரையுங்கள். தாளைப் பார்க்காமல் ஏலக்காரம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு கோடு இழுங்கள். சோதனை செய்கிற பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு இனி ஒரு விஷயம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது புத்தகம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படப்புத்தகத்தின் பக்க எண்ணிக்கையை முடிவு செய்வது காகிதம். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடிக்கிறார்கள். அச்சகத்தில் அதைப் பாரம் என்பார்கள், 8 பக்கமோ 16 பக்கமோ இருக்கும். உலகம் முழுக்கப் படப்புத்தகம் என்றால் 32 பக்கம் என்று ஆனதற்குக் காரணம் அதுதான். நம் ஊரில் விலை குறைய வேண்டும் என்பதால் 16, 24 பக்கங்களில் நடுவில் பின் அடித்து வருபவை அதிகம். பின் அடிக்கும் புத்தகம் எதுவானாலும் பக்கம் நாலின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் 24 பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் பதிப்பு விவரத்துக்குப் போய்விடும். நடுவில் 11 இரட்டைப் பக்கங்கள். உங்கள் கதை அந்த 11 இடத்துக்குள் நடக்க வேண்டும்.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். உங்கள் மைத்துளி உருவம் ஒரு நண்டு என்று வைத்துக்கொள்வோம். முதுநகரிலிருந்து ஒரு ஆயா அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பேத்தியோடு புதுச்சேரிக்குப் பேருந்தில் வருகிறார். கூடையிலிருந்து ஒரு நண்டு இறங்கிவிடுகிறது. எழுத்தில் இருப்பது ஆயாவும் பேத்தியும் பேசுவது மட்டும். “ஆயா, ரெட்டிச்சாவடி வந்துடுச்சா?” “இன்னும் இல்ல கண்ணு.” “கிருமாம்பாக்கம்?” “இதோ வருது.” நண்டைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கூடக் கிடையாது. நண்டு படத்தில் மட்டும் இருக்கிறது. கன்னியக்கோயிலில் நடத்துநர் பையின் மேல், கிருமாம்பாக்கத்தில் தூங்குகிறவரின் தோளில், தவளக்குப்பத்தில் டிரைவருக்கு முன்னால் தொங்கும் மாலையில். அரியாங்குப்பம் வரும்போது பேருந்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள், ஆயா மட்டும் பார்க்கவில்லை.

எழுத்து சொல்வதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு யாரோ வாசித்துக் காட்டுகிறார்கள். வாசிக்கிறவரின் கண் எழுத்தில் இருக்கிறது, பிள்ளையின் கண் படத்தில் இருக்கிறது. பெரியவருக்குத் தெரியாத ஒன்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கிற புத்தகத்தைத்தான் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எழுத்தாளர் கொடுத்த வரியில் “அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்” என்று இருந்தால், ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளையை வரைந்து நிறுத்திவிடாதீர்கள். அவள் எதைப் பார்த்தாள், அவள் பார்க்காதபோது பின்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இந்த 11 இரட்டைப் பக்கத்தையும் முதலில் ஒரே தாளில், தீப்பெட்டி அளவில் வரையுங்கள். விவரம் வேண்டாம், இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, ஆள் பெரிதா சிறிதா என்பது மட்டும். மொத்தத்தையும் ஒரு பார்வையில் பார்க்கும்போதுதான் ஏழு பக்கமும் பேருந்தின் உள்ளேயே, ஒரே தூரத்திலிருந்து வரைந்திருக்கிறோம் என்று தெரியும். ஒன்றை மேலேயிருந்து பாருங்கள். ஒன்றில் பேருந்தை விட்டு வெளியே வந்து, பச்சை வயலுக்கு நடுவில் அது சின்னதாகப் போவதைக் காட்டுங்கள். ஒன்றில் நண்டின் கண் உயரத்திலிருந்து, செருப்புகளும் கூடைகளும் மட்டும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாத புத்தகம் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் சோர்வாக இருக்கும்.

பக்கம் திருப்பும் இடம் இன்னொன்று. வலது பக்கத்தின் கீழ் மூலையில்தான் பிள்ளையின் விரல் இருக்கும். நண்டின் ஒரு கால் மட்டும் அந்த ஓரத்தில் தெரிந்து, மீதி அடுத்த பக்கத்தில் இருந்தால் திருப்பாமல் இருக்க முடியாது. தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் வலப்பக்கம் நகர்கிற ஆள் போகிற மாதிரியும், இடப்பக்கம் நகர்கிற ஆள் திரும்பி வருகிற மாதிரியும் தோன்றும். நம் கதையில் இதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கே போகும்போது கடல் வலது கைப் பக்கம். பேருந்து படத்தில் இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்றால் நாம் கடல் பக்கத்தில் நின்று பார்க்கிறோம், கடல் நம் முதுகுக்குப் பின்னால். பின்னணியில் கடலை வரைந்தால் பேருந்து கடலூருக்குத் திரும்பிப் போகிறது! அந்த வழியில் தினமும் போகிற பிள்ளை இதைக் கேட்கும். அதேபோல நண்டின் கால்கள். இடுக்கி இரண்டையும் சேர்த்துப் பத்து. நீலக்கால் நண்டு என்றால் கடைசி ஜோடி துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். நோட்டில் நீங்கள் ஆறு கால் வைத்திருக்கலாம், அது உங்கள் கற்பனைப் பிராணியாக இருக்கும் வரை சரி. நண்டு என்று பெயர் வைத்துவிட்டால் கடலோரப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள்.

எழுத்துக்கு இடம் விடுவது பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. “பார்த்துக்கொண்டிருந்தாள்” என்கிற ஒரே சொல், பெரிய எழுத்தில் வைத்தால், ஒரு சின்னப் பக்கத்தில் பாதி அகலத்தை எடுத்துக்கொள்ளும். மேலே புள்ளியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவிலும் நிறைய இடம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதும் என்று விட்ட வெளியில் தமிழ் நெருக்கும். அதனால் வரையும்போதே வரிகளைப் பென்சிலில் எழுதிப் பாருங்கள். எழுத்து வருகிற இடத்தில் வானம், சுவர், மணல் மாதிரி அமைதியான பரப்பு இருக்கட்டும். எழுத்தைப் படத்தோடு சேர்த்துக் கையால் எழுத ஆசை வரும். அதற்கு முன் பதிப்பகத்திடம் கேளுங்கள். பல மொழிகளில் வெளியிடுகிறவர்கள் வண்ணத்துக்கு ஒன்றாக இருக்கும் நாலு அச்சுப் பிளேட்டில் கறுப்புப் பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். எழுத்து முழுக்கக் கறுப்பில், தனி அடுக்கில் இருந்தால்தான் அது முடியும். படத்தோடு ஒட்டிய எழுத்தும், வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் அவர்களுக்குக் கூடுதல் செலவு.

நடு மடிப்பில் முகம் வரக்கூடாது. ஓரத்தில் வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் படம் கூடுதலாக ஓட வேண்டும். முக்கியமான எதுவும் வெட்டும் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். இவை சின்ன விஷயங்கள், ஆனால் இவை தெரிந்தவர் என்றால் அச்சுக்கு அனுப்புகிறவருக்கு நிம்மதி.

தீப்பெட்டி அளவுப் படங்கள் சரியானதும் டம்மி செய்யுங்கள். சாதாரண ஏ4 தாளை மடித்து, நடுவில் பின் அடித்து, பென்சிலிலேயே முழுப் புத்தகத்தையும் வரைந்து, எழுத்தை ஒட்டி, கையில் புரட்டிப் பாருங்கள். அதை அங்கன்வாடிக்கோ நூலகத்தின் சிறுவர் பகுதிக்கோ அனுமதி கேட்டு எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வாசித்துவிட்டு அவர்கள் கையைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது, எந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்புகிறார்கள், எந்த இடத்தில் ஒருவர் தலையை ஒருவர் இடித்துக்கொண்டு குனிகிறார்கள்? முந்தின பக்கத்தில் ஆயா மூக்குத்தி போட்டிருந்தாரே, இதில் எங்கே என்று கேட்பார்கள். எந்த எடிட்டரும் அவ்வளவு கூர்மையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

முடிவான படங்களுக்கு வரும்போதுதான் கிறுக்கல்காரர்களுக்கு உண்மையான ஆபத்து. டம்மியில் துள்ளிய கோடு, நல்ல தாளில் பெரிதாக வரையும்போது விறைத்துவிடும். விலை உயர்ந்த தாள், தப்பாகிவிடக் கூடாதே என்ற பயம், பென்சில் கோட்டின் மேலேயே மையை இழுப்பது, இவை மூன்றும் சேர்ந்து உயிரை எடுத்துவிடும். எனக்கு உதவிய வழிகளைச் சொல்கிறேன். நோட்டில் எந்த அளவில் வரைந்து பழகினீர்களோ அதே அளவில் வரைந்து, ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். கோட்டுப் படமானால் 1200 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) எடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 600-க்குக் குறையாது, அச்சுக்கு அது போதும். பென்சில் வரைவைக் கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்துப் பின்னால் தெரியவிட்டு, மேலே புதுத் தாளில் மையால் நேராக வரையுங்கள். ஒரே படத்தை நாலைந்து தடவை வேகமாக வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மைத் திட்டுகளைத் தனித் தாளில் நிறைய ஊதி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து நண்டின் உடம்பைப் பொறுக்கி எடுத்துக் கணினியில் பொருத்தலாம். அது ஏமாற்று வேலை இல்லை. உங்கள் முறைக்கு அது மிகவும் பொருந்தும்.

தாள், மை பற்றிச் சுருக்கமாக. பழக நோட்டுக்கு எந்த மலிவுத் தாளும் சரி. புதுச்சேரி ஆசிரமத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைத்தாள் மிக அழகானது, ஆனால் அதை எடுத்தாலே கை தயங்கும். முடிவான படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஓரத்தில் மை பரவுகிறதா என்று சோதித்த பிறகு. கேம்லின் நீர் படாத கறுப்பு மை, போஸ்டர் கலர், 300 ஜிஎஸ்எம் தடிமனுள்ள வாட்டர்கலர் தாள், இவை தொடங்கப் போதும். நாம் கடலோரத்தில் இருக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து நெளியும், பசை இளகிய பழைய தாளில் மை ஊறிப் பரவும், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்த படத்தில் பூஞ்சை பிடிக்கும். படம் காய்ந்த அன்றே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசல்களைச் சுருட்டாமல், அட்டைகளுக்கு இடையில், சிலிக்கா ஜெல் பையோடு, தரையைத் தொடாத அலமாரியில் வையுங்கள்.

டேப்லெட் இப்போது வேண்டாம். ஸ்கேனரும், ஏதாவது ஒரு படம் திருத்தும் மென்பொருளும் போதும். வேலை வந்து, திருத்தங்கள் கேட்கத் தொடங்கும்போது டேப்லெட் நேரத்தை மிச்சப்படுத்தும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: திரையில் மின்னும் பச்சையும் நீலமும் ஆர்ஜிபி, அதாவது ஒளியால் ஆன வண்ணங்கள். அச்சின் நாலு மைகளான சிஎம்ஒய்கே-யில் அவை மங்கித்தான் வரும். வெள்ளிக் கடற்கரையின் விடியல் நீலத்தைத் திரையில் சரிசெய்துவிட்டு அச்சில் தேடாதீர்கள். முதலிலேயே சிஎம்ஒய்கே-யில் மாற்றிப் பார்த்து, முடிந்தால் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், யாரிடம் காட்டுவது. இருபது படம் உள்ள ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். அதில் ஒரே ஆள் தொடர்ந்து வரும் நாலைந்து படங்கள், கூட்டம் உள்ள ஒரு இரட்டைப் பக்கம், ஒரு வீட்டின் உட்புறம், விலங்குகள், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையிலும் ஒன்றிரண்டு. கிறுக்கல் நோட்டிலிருந்து நாலு பக்கமும் சேருங்கள், நல்ல எடிட்டர்கள் அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் திறக்கச் சிரமமில்லாத சின்ன பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

சென்னையில் தூலிகா 1996 முதல் பல இந்திய மொழிகளில் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. தாரா புக்ஸ் கைத்தாளில் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சிடும் புத்தகங்களுக்குப் பெயர் பெற்றது. உங்களைப்போல மையோடு விளையாடுகிறவர்கள் அந்தப் புத்தகங்களை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பாரதி புத்தகாலயம், வானம் போன்றவை தமிழில் சிறுவர் நூல்களைத் தொடர்ந்து கொண்டுவருகின்றன. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை இருக்கிறது. முதல் வேலைக்கு நான் சொல்லும் இடம் இதழ்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்தும் துளிர் இருக்கிறது, தமிழக பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இருக்கின்றன. இதழுக்கு வரைந்தால் கெடு நாளுக்குள் முடிப்பதும், மற்றவர் எழுதியதற்கு வரைவதும் பழகும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பெரும்பாலான பதிப்பகங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் கூட்டம் முட்டும் ஞாயிறு மாலையில் கோப்பை நீட்டாதீர்கள், வார நாளில் காட்சி திறந்ததும் போங்கள். வெளிநாட்டு ஆசை இருந்தால் இத்தாலியின் போலோனியா குழந்தைகள் புத்தகக் காட்சியின் ஓவியக் கண்காட்சிக்கு ஐந்து படங்கள் கொண்ட ஒரு தொடரை அனுப்பலாம். ஒரே கதையை ஐந்து படத்தில் சொல்வது, தேர்வானாலும் இல்லாவிட்டாலும், நல்ல பயிற்சி.

பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் படப்புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம். ஒரே கதைக்கு எழுத்தும் படமும் எப்படிப் பிரிந்து வேலை செய்கின்றன என்று பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. அங்குள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. உங்கள் படத்தை அதில் போட்டால், பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்து, மாற்றி, விற்கக்கூட முடியும். பல பள்ளிகளுக்குப் போய்ச் சேரும் என்பதற்காக நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நட்பின் பேரில், போனில் பேசியே வேலை தொடங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். 1957-ம் வருட காப்புரிமைச் சட்டப்படி வரைந்தவர்தான் பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் பிரிவு 17-ல் விதிவிலக்குகள் உண்டு. ஒருவர் பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வரையவைத்தவரே உரிமையாளர் ஆகலாம். அதனால் எழுத்தில் வாங்காமல் தொடங்கவே கூடாது. உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பிரிவு 19 சொல்கிறது. மொத்தத் தொகையா, விற்பனையில் பங்கா, முன்பணம் எவ்வளவு, பென்சில் வரைவு (ரஃப்) முடிந்ததும் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் இலவசம், வேலை பாதியில் நின்றால் என்ன கிடைக்கும், மற்ற மொழிப் பதிப்புக்கும் மின்னூலுக்கும் தனித் தொகை உண்டா, அசல் ஓவியம் யாரிடம் இருக்கும், இவை எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். அந்த ஒரு பக்கத்தைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், நல்ல பதிப்பகங்கள் தாங்களாகவே தருவார்கள். உரிமையை விற்றுவிட்டாலும் ‘இது நான் வரைந்தது’ என்று சொல்லும் உரிமை பிரிவு 57-ன்படி உங்களிடமே இருக்கிறது. ஆனால் உங்கள் பெயர் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில், அட்டையிலேயே, அதே அளவில் வர வேண்டும் என்றால் அதையும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.